சிம்ஸ் 4 வீட்டில் தீ: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

கூடத்தில் கணப்பு (ஃபயர்பிளேஸ்) இருக்கும் வீடு எரிந்தால் பழி முதலில் கணப்பின் மேல்தான் விழும். உடனே அதை விற்றுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று பலர் ஆட்டத்தைத் தொடர்வார்கள். அடுத்த வாரம் அதே வீடு மறுபடி எரியும், ஏனென்றால் உண்மையான காரணம் சமையலறையில் இருந்திருக்கும். சிம் எனப்படும் பாத்திரங்களின் அன்றாட வாழ்க்கையை நடத்தும் தி சிம்ஸ் 4 கணினி ஆட்டத்தில் தீ வெறும் துரதிர்ஷ்டம் அல்ல. தீ கிளம்பும் இடம், அதன் அருகே பற்றக்கூடிய பொருள், பக்கத்தில் இருக்கும் சிம்மின் திறன் ஆகிய மூன்றையும் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனையில் தீ எரியும்போது பில்ட் மோடு (வீட்டைக் கட்டி மாற்றும் நிலை) திறக்காது. அந்த நேரத்தில் தரைவிரிப்பை நீக்க முடியாது, அலாரம் வாங்க முடியாது, சோபாவை நகர்த்த முடியாது. கீழே சொல்லும் தடுப்பு வேலைகள் எல்லாம் தீ இல்லாத நாளில் செய்யவேண்டியவை. இப்போது எரிந்துகொண்டிருக்கிறது என்றால் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: இந்த நொடியில் எரிகிறது

விசைப்பலகையில் பி விசையை அழுத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். நின்றிருக்கும்போதும் கட்டளை கொடுக்கலாம். காமிராவைச் சுற்றி எத்தனை இடத்தில் தழல் இருக்கிறது, எந்த சிம் எங்கே நிற்கிறது, யார் உடம்பிலாவது தீ பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் பற்றியிருந்தால் அவரே முதல் வேலை. அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

யார் உடம்பிலும் இல்லையென்றால், பதின்பருவத்தினர் முதல் முதியவர் வரை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தேர்ந்தெடுத்து, கட்டளை வரிசையில் ஏற்கெனவே இருப்பதையெல்லாம் ரத்து செய்யுங்கள். பிறகு தழலின் மேல் க்ளிக் செய்து அணைக்கும் கட்டளையைக் கொடுங்கள். தீயணைப்பான் கருவியைத் தனியாக வாங்க வேண்டாம், சிம்மின் கைக்கு அது தானாக வந்துவிடும். எந்தத் தழலை முதலில் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடுவில் பெரிதாக எரிவதைத் தொடாதீர்கள், அங்கே போகவேண்டியது போய்விட்டது. அடுத்த நாற்காலிக்கோ அலமாரிக்கோ நெருக்கமாக ஓரத்தில் எரியும் தழலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு ஓரம். ஒரே தழலுக்கு இருவரை அனுப்பினால் ஒருவர் வழியை இன்னொருவர் மறித்துக்கொண்டு நிற்பார்கள்.

சிறுவர்களை வாசலுக்கு வெளியே நடைபாதையில் ஓரிடத்தைக் க்ளிக் செய்து அங்கே போகச் சொல்லுங்கள். வீட்டில் புகை அலாரம் இல்லையென்றால் ஒருவரை மட்டும் ஃபோனில் தீயணைப்பு வீரரை அழைக்கச் சொல்லலாம். ஆனால் அணைக்கத் தெரிந்த ஒரே ஆளை ஃபோனில் நிறுத்தாதீர்கள். வீரர் வந்துசேரும் நேரத்தில் ஒரு தழலாவது அணைந்திருக்கும்.

ஆட்டத்தை முதல் வேகத்திலேயே ஓட்டுங்கள். ஒரு தழல் அணைந்ததும் சிம்முக்கு அடுத்த கட்டளை இல்லையென்றால் அது மறுபடி கைகளை ஆட்டி அலறத் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொரு தழல் அணைந்ததும் மறுபடி நிறுத்தி, அடுத்ததைக் கொடுங்கள். சலிப்பான வேலைதான். மூன்றாம் வேகத்தில் விட்டுவிட்டால் கூடம் முழுவதும் போய்விடும்.

அறிகுறி: கணப்பை ஏற்றிய சற்று நேரத்தில் பக்கத்துப் பொருள் பற்றுகிறது

இதுதான் உண்மையான கணப்புத் தீ. சமையலறையில் யாரும் இல்லை, கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது, முதல் தழல் கணப்பை ஒட்டியே கிளம்பியது என்றால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் முன்னால் கிடக்கும் தரைவிரிப்பு. கட்டுமானக் கட்டங்களின்படி ஒரு பொருள் இன்னொன்றை மறித்தால் ஆட்டம் சிவப்பு காட்டித் தடுக்கும். தரைவிரிப்புக்கு அந்தத் தடை இல்லை. கணப்பின் வாய்வரை, ஏன், அதன் அடியிலேயேகூட அதை விரிக்கலாம். ஆட்டம் ஒன்றும் சொல்லாது. அதனால் இடம் அனுமதிக்கப்பட்டதாலேயே அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இணையத்தில் அழகாகத் தெரியும் பல கூடங்களில் பெரிய விரிப்பு ஒன்று கணப்பு வரை நீண்டிருக்கும். ஆட்டக்காரர்கள் தாங்கள் கட்டியதைப் பகிரும் கேலரியிலிருந்து இறக்கிய வீடு என்றால் குடியேறும் முன்பே இதைப் பாருங்கள். அந்த வீட்டைக் கட்டியவர் படம் எடுக்கக் கட்டியிருப்பார், வாழ்ந்து பார்த்திருக்க மாட்டார்.

விரிப்பின் படத்தை மட்டும் நம்பாதீர்கள். சில விரிப்புகளின் விளிம்பில் நூல் தொங்கல்கள் இருக்கும், வட்ட விரிப்புகளின் மூலைகள் வெறுமையாகத் தெரியும். ஆனால் பொருளின் எல்லை கண்ணுக்குத் தெரியும் ஓவியத்தோடு முடிவதில்லை. பில்ட் மோடில் அதைக் கையில் எடுத்தால் எத்தனை கட்டங்களை அடைக்கிறது என்று பச்சை எல்லை காட்டும். அந்த எல்லை கணப்பைத் தொடாமல் இருக்கவேண்டும். அளவு மாற்றும் விசைகளால் பெரிதாக்கிய விரிப்பு என்றால் இன்னும் கவனம் தேவை.

அடுத்தது பக்கவாட்டில் நெருக்கிய பொருள்கள். புத்தக அலமாரி, திரைச்சீலை, பிரம்பு நாற்காலி, பண்டிகைக் கால மரம் போன்றவை இதில் சேரும். மூவ் ஆப்ஜெக்ட்ஸ் என்ற சீட்டை (ஆட்டத்தின் தடைகளைத் தளர்த்தும் குறுக்குவழிக் கட்டளை) பயன்படுத்தி கணப்பின் இரு பக்கமும் விறகுக் குவியல், கூடை, செடி என்று திணித்திருந்தால் வழக்கமான இடைவெளி எல்லாமே போயிருக்கும். கணப்பின் மேல்தட்டில் வைக்கும் சின்னச் சின்ன அலங்காரங்களையும் அதே சீட் கீழே இறக்கி வாய்க்கு முன்னால் வைக்க விடும். அவையும் பொருள்கள்தான்.

நடைமுறையில் பாதுகாப்பான அளவு இது: கணப்பின் முன்னால் இரண்டு முழுக் கட்டம் வெறுமை, இரு பக்கமும் ஒவ்வொரு கட்டம். இருக்கைகளை மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்தும் சிம்கள் தீயைப் பார்த்தபடி பேசும், எதுவும் கெட்டுப்போகாது. வெறுமையாக இருப்பது கண்ணை உறுத்துகிறது என்றால் விரிப்புக்குப் பதிலாக அந்த இரண்டு கட்டத்துக்கும் தரைப் பூச்சுக் கருவியால் கல் அல்லது ஓடு வடிவத்தைப் போடுங்கள். அது தரையின் பகுதி, தனிப் பொருள் அல்ல. பார்வைக்கு விரிப்பு செய்யும் வேலையைச் செய்துவிடும்.

எந்தப் பொருள் காரணம் என்று உறுதியாகத் தெரியவேண்டுமானால் ஆட்டத்தை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் சோதியுங்கள். சுற்றியுள்ள எல்லாவற்றையும் வீட்டு இருப்பில் போட்டுவிட்டு கணப்பை ஏற்றி ஒரு நாள் ஓடவிடுங்கள். எதுவும் பற்றவில்லையென்றால் ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். ஒரே மாலையில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்தப் பொருளுக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் தீப்பிடிப்பது சாத்தியக்கூற்றைப் பொறுத்தது.

இடைவெளி முதல் பாதுகாப்பு, அப்கிரேடு இரண்டாவது. ஹேண்டினஸ் (பழுதுபார்க்கும் கைவேலை) திறன் உள்ள சிம், கணப்பைத் தீப்பிடிக்காததாக மேம்படுத்த முடியும். அதை முடித்த கணப்பு சுற்றியுள்ளவற்றைப் பற்றவைக்காது. இதே பட்டியலில் தானாக எரியும் அப்கிரேடும் இருக்கிறது. இரண்டில் எதை முதலில் செய்வது என்று கேட்டால் தயக்கமே இல்லாமல் தீத்தடுப்பைத்தான் சொல்வோம். தானாக எரியும் கணப்பு, யாராவது அறைக்குள் வந்தாலே பற்றிக்கொள்ளும். தடுப்பு இல்லாமல் அதைப் போட்டால், நாளுக்கு ஒரு முறை இருந்த ஆபத்தை நாளுக்குப் பத்து முறையாக்கிக்கொள்கிறீர்கள்.

குளிருக்காக மட்டுமே கணப்பு வைத்திருக்கிறீர்கள், பருவகாலங்களைச் சேர்க்கும் சீசன்ஸ் பேக்கும் இருக்கிறது என்றால் சுவரில் தெர்மோஸ்டாட் மாட்டி சூடான நிலையில் வையுங்கள். கணப்பு ஏற்றப்படாமல் அழகுக்கு நிற்கட்டும். ஏற்றாத கணப்பு எதையும் எரிக்காது.

அறிகுறி: அப்கிரேடு வரி மங்கலாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை

மங்கலான வரியின் மேல் சுட்டியை நிறுத்துங்கள், காரணத்தை ஆட்டமே சொல்லும். இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஹேண்டினஸ் நிலை போதவில்லை, அல்லது உதிரிபாகம் போதவில்லை. திறனை ஏற்ற, உடைந்த குழாயும் கழிப்பறையும் சரிசெய்வது ஒரு வழி. உடையும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் மரவேலை மேசை வாங்கிச் சிலை செதுக்கலாம், திறன் நூலும் உண்டு. உதிரிபாகங்களை கணினி வழியாக வாங்கலாம், பழுதுபார்க்கும்போதும் சேரும். அவற்றில் பொது, சமையலறை, குழாய், மின்னணு எனப் பல வகை உண்டு. வகை மாறினால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

வரி அடியோடு இல்லையென்றால் பெரும்பாலும் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும், அல்லது சிம் திறனின் முதல் படியைக்கூடத் தொட்டிருக்காது. கணப்பு எரிந்துகொண்டிருந்தால் முதலில் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்கிரேடு அந்தப் பொருளோடு ஒட்டியது. அதை விற்று வேறு மாதிரி வாங்கினால் புதியது வெறும் கணப்புதான். இடம் மாற்றவேண்டுமென்றால் விற்காமல் வீட்டு இருப்பில் போட்டு, அங்கிருந்து எடுத்து வையுங்கள்.

அறிகுறி: யாரும் ஏற்றச் சொல்லவில்லை, கணப்பு எரிகிறது

தானாக எரியும் அப்கிரேடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாரோ ஒரு சிம் சொந்த விருப்பில் ஏற்றியிருக்கிறது, வீட்டார் மட்டுமல்ல, விருந்தினராகவும் இருக்கலாம். ஆட்ட அமைப்புகளில் தன்னிச்சைச் செயல்பாட்டைக் குறைத்தால் வீட்டாரின் கை கட்டப்படும். தேர்ந்தெடுத்த சிம்முக்கு மட்டும் நிறுத்தும் தெரிவும் அங்கே உண்டு. விருந்தினருக்கு மருந்து கதவுப்பூட்டு. கதவைக் க்ளிக் செய்து வீட்டாரைத் தவிர மற்றவருக்குப் பூட்டிவிடுங்கள். ஆனால் ஒரே ஒரு கதவு உள்ள அறையைச் சில வீட்டாருக்கே பூட்டிவைப்பது ஆபத்து. தீ வந்தால் உதவிக்கு வரவேண்டியவர் கதவுக்கு வெளியே நிற்பார்.

அறிகுறி: சமைத்தாலே அடுப்பு பற்றுகிறது

வீட்டுத் தீயில் அதிகம் சந்திப்பது இதுதான். குக்கிங் திறன் மிகக் கீழே உள்ள சிம், மலிவான அடுப்பு, பெரிய விருந்துச் சமையல் ஆகியவை சேர்ந்தால் தீ தூரத்தில் இல்லை. புதிதாகத் தொடங்கும் குடும்பத்தில் கையில் பணம் குறைவு, திறனும் குறைவு. அதனால்தான் முதல் வாரத்திலேயே சமையலறை கருகிப்போன கதைகள் அத்தனை இருக்கின்றன.

திறன் ஏறும்வரை அடுப்பைத் தொடாமல் சாப்பிட வழி இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுக்கும் விரைவு உணவுகளுக்கு நெருப்பு தேவையில்லை. தோட்டத்து சாலட் அடுப்பில் ஏறாமலேயே முழுக் குடும்பத்துக்கும் ஆகும், குக்கிங் திறனும் அதில் ஏறும். தொடக்கத்தில் திறன் நூல் ஒன்றை வாங்கிப் படிக்கவைத்து, சாலட்டாகவே சில நாள் செய்துவிட்டு, இரண்டு மூன்று நிலை ஏறிய பிறகு அடுப்புக்குப் போவது மிக மலிவான தீத்தடுப்பு.

அடுப்பு வாங்கும்போது பட்டியலில் விலைக்குக் கீழே நம்பகத்தன்மை மதிப்பெண் போட்டிருக்கும். அதைப் பாருங்கள். மலிவு அடுப்பு அடிக்கடி பழுதாகும், சாப்பாட்டின் தரமும் குறையும். பணம் இருக்கும்போது கூடத்துக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கும் முன் அடுப்பை மாற்றுவதே எங்கள் பரிந்துரை. அடுப்புக்கும் தீத்தடுப்பு அப்கிரேடு உண்டு. கணப்பா அடுப்பா என்று உதிரிபாகம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் அடுப்புக்குச் செலவிடுங்கள். கணப்பை ஏற்றாமல் இருக்கலாம், சமைக்காமல் எத்தனை நாள் இருப்பீர்கள்?

அடுப்பைச் சுற்றிய ஏற்பாடும் முக்கியம். தீ அடுப்பில் கிளம்பினாலும் வீட்டை எரிப்பது அதை ஒட்டிய மேடைகளும் அலமாரிகளும்தான். அடுப்பை நெருக்கமான மூலையில் செருகினால் அணைக்க வரும் சிம்முக்கு நிற்க இடம் இருக்காது. அடுப்புக்கு முன்னால் குறைந்தது இரண்டு கட்டம் விடுங்கள். சமையலறை விரிப்புக்கும் கணப்புக்குச் சொன்னதே பொருந்தும், அடுப்படியில் அது வேண்டாம்.

வெளியே வைத்த கிரில் அடுப்பும் பற்றும். முற்றத்தில்தானே என்று கூரைத் தாழ்வாரத்தில் மர நாற்காலிகளுக்கு நடுவே வைப்பவர்கள் அதிகம். அதற்கும் அதே இடைவெளி விடுங்கள்.

அறிகுறி: தீப்பிடித்தும் அலாரம் அடிக்கவில்லை, அல்லது யாரும் வரவில்லை

பழைய வழிகாட்டிகளில் சிம்ஸ் 4-இல் தீயணைப்பு வீரரே கிடையாது என்று படித்திருக்கலாம். 2014 செப்டம்பரில் ஆட்டம் வெளிவந்தபோது அது உண்மை. 2020 ஜூனில் வந்த இலவச பேட்ச் (புதுப்பிப்பு) அவர்களைச் சேர்த்தது. புகை அலாரம் அடித்தால் வீரர் தானாக வருவார். வண்டி எதுவும் வராது, தெருவிலிருந்து நடந்து வருவார். வெகுநாள் புதுப்பிக்காத ஆட்டம் என்றால் வீரர் வராததற்கு அதுவே காரணம்.

அலாரம் அடிக்காததற்குச் சாதாரணக் காரணம் அது வேறு அறையில் இருப்பதுதான். நடைவழியில் ஒன்றை மாட்டிவிட்டு முழு வீட்டுக்கும் போதும் என்று விடாதீர்கள். அடுப்புள்ள அறைக்கு ஒன்று, கணப்புள்ள ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, தீ கிளம்பும் இடத்தைப் பார்த்த சுவரில். சமையலறையும் கூடமும் ஒரே பெரிய அறையாகத் திறந்திருந்தாலும் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று மாட்டுங்கள். அலாரத்தின் விலை கருகிய ஒரு சோபாவின் விலைக்கு அருகில்கூட வராது.

திருட்டு அலாரமும் புகை அலாரமும் வேறு வேறு பொருள்கள். பில்ட் மோடு தேடலில் அலாரம் என்று மட்டும் போட்டால் தவறானதை எடுத்துவிடக்கூடும். பொருளின் விவரத்தைப் படித்து வாங்குங்கள்.

அறிகுறி: ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று. சீசன்ஸ் பேக்கோடு வரும் ஸ்பிரிங்க்ளர் தரையில் வைப்பது. செடிக்குத் தண்ணீர் விடவும் பிள்ளைகள் நனைந்து விளையாடவும்தான் அது. தீயை அணைப்பது கூரையில் பொருத்தும் ஸ்பிரிங்க்ளர். தேடலில் இரண்டும் வரும், கூரையில் ஒட்டுவதை எடுங்கள். அதை நேராக அடுப்புக்கும் கணப்புக்கும் மேலே பொருத்துங்கள். அறையின் நடுவே அழகாகப் பொருத்திவிட்டு மூலையில் எரிவதை அது அணைக்கும் என்று நம்பியிருப்பது வீண். நீர் தெளித்த பிறகு தரையில் தேங்கும் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள், குறிப்பாக அடுத்து யாராவது மின்சாதனம் பழுதுபார்க்கப்போகிறார் என்றால்.

அறிகுறி: சிம் அலறிக்கொண்டே நிற்கிறது, கட்டளையை ஏற்க மறுக்கிறது

தீயைக் கண்டதும் எல்லாரும் அதை நோக்கி ஓடிவந்து கூச்சலிடுவது ஆட்டத்தின் இயல்பு. நீங்கள் கொடுத்த கட்டளை வரிசையில் இருந்தும் நடக்கவில்லை என்றால், அலறல் செயலின் படத்தின் மேல் க்ளிக் செய்து ரத்து செய்துவிட்டு மறுபடி கொடுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் வழி அடைபட்டிருக்கிறது. கூட்டமாய் நிற்பவர்களில் இரண்டு பேரைத் தூரப் போகச் சொன்னால் திறக்கும். விருந்து நடக்கும் வீட்டில் இது மோசமாகும், பதினைந்து பேர் சமையலறை வாசலில் நிற்பார்கள். விருந்தினருக்குக் கட்டளை போட முடியாது. எனவே சமையலறைக்கு இரண்டு வாசல் வைப்பது விருந்து வைக்கும் குடும்பங்களுக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம்.

தீ இல்லாத நேரத்திலும் சிம் உறைந்து நின்றால் அது வேறு பிழை. டெஸ்டிங் சீட்ஸ் இயக்கி, ஷிஃப்ட் விசையோடு சிம்மைக் க்ளிக் செய்தால் வரும் பட்டியலில் ரீசெட் இருக்கும்.

அறிகுறி: சிம்மின் உடம்பிலேயே தீ

நேரம் மிகக் குறைவு. நிறுத்துங்கள், அந்த சிம்மின் வரிசையைக் காலி செய்யுங்கள். பக்கத்தில் ஷவர், குளியல் தொட்டி அல்லது நீச்சல் குளம் இருந்தால் அதற்குள் அனுப்பினால் அணைந்துவிடும். தூரமென்றால் சிம்மையே க்ளிக் செய்து உடம்புத் தீயை அணைக்கும் கட்டளையைத் தேடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவரை எரியும் சிம்மைக் க்ளிக் செய்து அணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வேளையில் நடக்கட்டும், எது முந்துகிறதோ முந்தட்டும். அறைத் தீயைச் சற்று விடுங்கள், நாற்காலியை மறுபடி வாங்கலாம்.

இறந்துவிட்டால் உயிரைக் கொண்டுபோக கிரிம் ரீப்பர் வருவார். இறந்தவரோடு நல்ல உறவுள்ள சிம் உடனே அவரிடம் கெஞ்சினால் உயிர் திரும்பும் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. உறுதி வேண்டுமென்றால் அந்த சிம்மின் கையிருப்பில் டெத் ஃபிளவர் இருக்கவேண்டும். மாதுளையையும் ஆர்க்கிட்டையும் ஒட்டுக்கட்டி வளர்க்கும் பூ அது. கணப்பு வைத்த வீட்டில் தோட்டக்காரர் ஒருவர் இருந்தால் ஒன்றை வளர்த்து வைப்பது நல்லது. இதுவும் இல்லையென்றால் சேமிக்காமல் வெளியேறி முந்தைய சேமிப்பைத் திறங்கள். தவறிச் சேமித்துவிட்டாலும், ஆட்டம் திறக்கும் பட்டியலில் அந்தச் சேமிப்பின் பழைய ஐந்து பிரதிகள் வரை மீட்கும் குறி இருக்கும்.

அறிகுறி: முகமெல்லாம் கரி, ஆனால் தீ எதுவும் இல்லை

இது தீ அல்ல, மின் அதிர்ச்சி. தேர்ச்சியில்லாத கையோடு கணினியையோ தொலைக்காட்சியையோ பிரித்தால் வரும். தேங்கிய தண்ணீரில் நின்று செய்தால் ஆபத்து கூடும். இதனால்தான் ஸ்பிரிங்க்ளர் நீரைத் துடைக்கச் சொன்னோம். அந்த அதிர்ச்சியைக் காட்டும் மூட்லெட் (மனநிலைக் குறி) இருக்கும்வரை மறுபடி எந்த மின்சாதனத்தையும் தொடவிடாதீர்கள், இரண்டாவது அடி உயிரைக் கொண்டுபோகும். கணப்பு அப்கிரேடுக்காக ஹேண்டினஸ் ஏற்றும் அவசரத்தில் இப்படிச் சாகும் சிம்கள் உண்டு. மின்சாதனங்களை விட்டுக் குழாய் வேலையிலும் மரவேலையிலும் தொடங்கினால் இந்தக் கவலை இல்லை.

அறிகுறி: அடுப்பும் இல்லை, கணப்பும் இல்லை, எங்கிருந்தோ தீ

சீசன்ஸ் இருந்தால் முதலில் வானத்தைப் பாருங்கள். இடியுடன் மழை பெய்யும்போது மின்னல் பொருள்கள் மேலும் சிம்கள் மேலும் விழும், தீயும் பற்றும். புயல் நேரத்தில் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வதுதான் வழி. வாணவேடிக்கையைக் கூரைக்குக் கீழே கொளுத்தினாலும் வீடு பற்றும். ரெல்ம் ஆஃப் மேஜிக் பேக் இருந்து வீட்டில் மந்திரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் இன்ஃபெர்னியேட் மந்திரத்தை நினைவில் வையுங்கள், அதன் வேலையே எரிப்பதுதான்.

இவை எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தீ வந்தால் மோட்களை (பிறர் உருவாக்கி ஆட்டத்தில் சேர்க்கும் கோப்புகள்) சந்தேகியுங்கள், அதிலும் புதிய பேட்ச் வந்த வாரத்தில். மோட்ஸ் கோப்புறையை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி, லோக்கல் தம்ப் கேஷ் என்ற கோப்பை அழித்துவிட்டு ஆடிப் பாருங்கள். தீ நின்றால் மோட்களில் பாதியை மட்டும் திரும்பப் போடுங்கள். மறுபடி வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஒற்றைக் கோப்பில் போய் நிற்கும். மோட் இல்லாமலும் தீ நிற்கவில்லையென்றால் ஈஏ ஆப்பில் ரிப்பேர் ஓட்டுங்கள்.

அறிகுறி: எல்லாம் அணைந்துவிட்டது, ஆனாலும் பில்ட் மோடு திறக்கவில்லை

தீ எரிகிறது என்று ஆட்டம் சொல்கிறது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முதலில் உண்மையாகவே எங்காவது எரிகிறதா என்று பாருங்கள். மேல்மாடி, நிலவறை, கூரைக்கு அடியில் மறைந்த மூலை, வேலிக்கு வெளியே மனையின் விளிம்பு. சுவர்களை முழுதாக இறக்கிவிட்டு ஒவ்வொரு தளமாகப் பார்க்கவேண்டும். எங்கும் இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவரை வேறு மனைக்கு அனுப்பி, நீங்களும் கூடவே போய், திரும்பி வாருங்கள். மனை புதிதாக ஏறும்போது பேய்த்தீ பெரும்பாலும் மறையும். மறையவில்லையென்றால் சேமித்து, ஆட்டத்தை முழுதாக மூடித் திறங்கள்.

பில்ட் மோடு திறந்ததும் கருகிய பொருள்களைக் கவனியுங்கள். லைவ் மோடில் (ஆடும் நிலை) அவற்றைக் க்ளிக் செய்து புதிதாக மாற்றும் தெரிவு இருக்கும், விலையும் அதிலேயே தெரியும். எரிந்தது மேம்படுத்திய அடுப்போ கணப்போ என்றால், மாற்றியவுடன் அதைக் க்ளிக் செய்து அப்கிரேடு பட்டியலைத் திறந்து பாருங்கள். தீத்தடுப்பு வரி மறுபடி தெரிந்தால் வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். செய்யும்வரை அதை ஏற்றாதீர்கள்.

பழைய ஆட்டங்களில் இதே அறிகுறிகள்

சிம்ஸ் 3-இலும் ஹேண்டினஸ் வழியாகக் கணப்பையும் அடுப்பையும் தீப்பிடிக்காததாக்கலாம். பிரேவ் (துணிச்சல்) குணமுள்ள சிம் தீயைக் கண்டு பதறாது, அணைக்க அவரையே அனுப்புங்கள். கோவர்ட் (கோழை) குணமுள்ளவர் மயங்கி விழுவார், அவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அங்கே அடுப்பில் வைத்ததை எடுக்காமல் விட்டாலும் தீதான். சமைத்துக்கொண்டிருப்பவரை வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்பிவிட்டு மறந்தால் அடுப்புக்குள் இருப்பது கருகி வீடு பற்றும். சிம்ஸ் 2-இலும் இதே கதை, போதாததற்கு மேசை மேல் வைக்கும் டோஸ்டர் அடுப்பும் பற்றும். கணப்பை ஒட்டிய விரிப்பும் நாற்காலியும் இரண்டு ஆட்டங்களிலும் ஆபத்தே. அதனால் இரண்டு கட்ட இடைவெளியை எந்தப் பதிப்பில் கட்டினாலும் விடலாம், இடத்தைத் தவிர வேறு எதுவும் செலவாகாது.